டெமோசீன் இசை கம்ப்யூட்டரே போடுவதா, யார் அதைக் கேட்கிறார்கள்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இடையில் வருபவர்களுக்கு உதவும். அண்ணனுடைய பழைய சிடியில் ஒரு சாஃப்ட்வேருக்கு சீரியல் நம்பர் தயாரித்துத் தரும் குட்டி புரோகிராம் இருந்தது, அதைத் திறந்தால் ஒரு மியூசிக் ஓடும், அது இன்னும் உங்கள் காதில் நிற்கிறது. யாரோ அதை டெமோசீன் மியூசிக் என்றார்கள், ஐரோப்பாவில் இதற்குப் போட்டியெல்லாம் நடக்கிறது என்றார்கள். இது கம்ப்யூட்டர் தானாகப் போட்ட இசையா, இதை யார் உட்கார்ந்து கேட்கிறார்கள், சென்னையில் இருந்துகொண்டு உள்ளே நுழைய முடியுமா, குறும்படத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான் என்று படுகிறது: இந்த இசையில் மனிதனுடைய கை எவ்வளவு, மெஷினுடைய வேலை எவ்வளவு என்பது. அதற்குப் பதில் சொன்னால் மற்றவை பாதி தானாகவே தெளிந்துவிடும்.

நான் சாலிகிராமத்தில் ஒரு ஸ்டூடியோவில் சவுண்ட் மிக்ஸிங் செய்பவன். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து டிராக்கர் என்ற வகை சாஃப்ட்வேரில் சொந்தமாகப் பாட்டு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வெறும் பொழுதுபோக்காக. அதனால் இசை, ஒலி பற்றிச் சொல்வதை நம்பலாம். புரோகிராமிங் என் துறை இல்லை, அந்தப் பகுதியை வெளியில் இருந்து பார்த்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் போட்டிகளுக்கு நேரில் போனதும் கிடையாது, நேரலையில் பார்த்ததுதான்.

உங்கள் சிடியில் இருந்தது கீஜென். டெமோசீனும் கீஜெனும் ஒரே வேரில் இருந்து வந்தவை, ஆனால் இரண்டும் ஒன்றில்லை. எண்பதுகளில் ஐரோப்பாவில் கமடோர் 64 மாதிரி வீட்டுக் கம்ப்யூட்டர்களில் விளையாட்டுகளின் காப்பித் தடையை உடைத்தவர்கள், உடைத்தது நாங்கள்தான் என்று காட்டிக்கொள்ள விளையாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன அறிமுகக் காட்சியைச் செருகினார்கள். ஓடும் எழுத்து, நகரும் படம், பின்னணியில் மியூசிக். போகப்போக அந்த அறிமுகக் காட்சியே உடைத்த விளையாட்டைவிடப் பெரிய கௌரவமாகிவிட்டது. விளையாட்டை விட்டுவிட்டு அந்தக் காட்சியை மட்டுமே செய்ய ஒரு கூட்டம் பிரிந்தது, அதுதான் டெமோசீன், அப்படித் தனியே செய்த காட்சிக்குப் பெயர் டெமோ. திருட்டு வேலையில் தொடர்ந்தவர்கள் தங்கள் கீஜென்களில் மியூசிக்கை விடாமல் வைத்துக்கொண்டார்கள். இங்கே பர்மா பஜார் சிடி வழியாக நம்மில் பலர் இந்த இசையை முதலில் கேட்டது அப்படித்தான். கீஜென்னில் ஓடியவற்றில் சில அதற்கென்றே போடப்பட்டவை, நிறைய டெமோசீன் ஆட்களிடமிருந்து கேட்காமல் எடுக்கப்பட்டவை. உங்களுடையது எந்த ரகம் என்று வர்ணனையை வைத்துச் சொல்ல வழியில்லை. அதைத் தெரிந்துகொள்வதற்காக அந்த கீஜென்னை மறுபடி ஓட்டிப் பார்க்காதீர்கள், அந்தக் காலத்து கீஜென்களோடு வைரஸும் சேர்ந்தே வரும். கீஜென் இசையை மட்டும் தனியே பிரித்து வைத்திருக்கும் தொகுப்புகள் இணையத்தில் இருக்கின்றன, சாஃப்ட்வேர் பெயரையும் குழுவின் பெயரையும் வைத்துத் தேடலாம்.

இனி கை எவ்வளவு, மெஷின் எவ்வளவு என்ற விஷயம். 1987இல் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி என்ற ஜெர்மன்காரர் அமிகா கம்ப்யூட்டருக்காக அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் என்ற சாஃப்ட்வேரை எழுதினார். டிராக்கர் என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. அவர்தான் இந்த முறைக்கே தந்தை என்று பலர் எழுதுவதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், 1986லேயே கமடோர் 64க்கு கிறிஸ் ஹுல்ஸ்பெக் எழுதிய சவுண்ட்மானிட்டர் கிட்டத்தட்ட இதே வழியில் இருந்தது. அமிகாவில் ஒலிக்காக பாலா என்று ஒரு சிப் இருக்கும். ஒரே நேரத்தில் நான்கு ஒலிகள், ஒவ்வொன்றும் 8 பிட், இரண்டு இடது ஸ்பீக்கரில், இரண்டு வலது ஸ்பீக்கரில், அவ்வளவுதான். இசை போடுபவர் டிரம் அடி, பேஸ், ஒரு கீபோர்டு நாதம் என்று சின்னச் சின்ன ஒலித்துண்டுகளை, அதாவது சாம்பிள்களை, எடுத்து வைத்துக்கொள்வார். திரையில் ஒலிக்கு ஒன்றாக நான்கு பத்திகள், இவைதான் சானல்கள், மேலிருந்து கீழாக 64 வரிகள். ஒவ்வொரு வரியிலும் எந்த ஸ்வரம், எந்த சாம்பிள், என்ன கட்டளை என்று கையால் தட்டச்சு செய்ய வேண்டும். 64 வரிகள் சேர்ந்தது ஒரு பேட்டர்ன், பேட்டர்ன்களை வரிசையாக அடுக்கினால் பாட்டு. சாம்பிள்கள், பேட்டர்ன்கள், அடுக்கிய வரிசை எல்லாம் சேர்ந்து ஒரே ஃபைல், அதற்கு மாட் என்று பெயர். ஆக, எண்ணம் முழுக்க மனிதனுடையது. மெஷின் செய்வது வாசிப்பு மட்டும்.

அந்த வாசிப்பும் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இந்த இசை ஏன் இப்படிக் கேட்கிறது என்பது புரியும். ஐரோப்பிய டிவி நொடிக்கு 50 முறை திரையைப் புதுப்பிக்கும், அந்த 50தான் இதற்கும் கடிகாரம். வழக்கமான அமைப்பில் ஒரு வரிக்கு 6 துடிப்புகள், நான்கு வரிகள் ஒரு அடி, கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 125 அடி வரும். பழைய மாட் பாட்டுகளில் ஏகப்பட்டவை அந்த 125லேயே ஓடுவதற்குக் காரணம் இதுதான், யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. அடுத்தது, நான்கு சானலில் டிரம்முக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று, மெலடிக்கு ஒன்று போனால், மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டை (chord) வாசிக்க மிஞ்சுவது ஒரே சானல். மூன்று ஸ்வரங்களை ஒரு சானலில் எப்படி வைப்பது? நொடிக்கு 50 முறை என்ற வேகத்தில் மூன்றையும் மாற்றி மாற்றி ஒலிக்க வைத்தார்கள். அந்தக் கிணுகிணு ஒலிதான் உங்களுக்கு கீஜென் மியூசிக் என்றதும் ஞாபகம் வரும் ஒலி. வேறு வழியில்லாமல் வந்தது, இன்று 64 சானல் இருக்கிற சாஃப்ட்வேரிலும் வேண்டுமென்றே போடுகிறார்கள். கமடோர் 64இல் இன்னும் நெருக்கடி, பாப் யான்ஸ் வடிவமைத்த சிட் சிப்பில் மூன்றே குரல்கள், சாம்பிளுக்குப் பதில் சிப்பே அலையை உருவாக்கும்.

நம் சங்கீதத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு டிராக்கரில் ஒரு தனி சுவாரஸ்யம் இருக்கிறது, இதைப் பற்றி யாரும் பெரிதாக எழுதிப் பார்க்கவில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கட்டளைகளில் 3ஆம் எண் கட்டளை ஒரு ஸ்வரத்தில் இருந்து அடுத்த ஸ்வரத்துக்கு, புதிதாக மீட்டாமல், வழுக்கிக்கொண்டு போகும். வேகத்தையும் நாமே கொடுக்கலாம். ஸ்வரத்தில் இருந்து ஸ்வரத்துக்குச் சறுக்கும் நம் ஜாரு கமகத்துக்கு இது கச்சிதம். 4ஆம் எண் கட்டளை அதிர்வு, ஸ்வரத்தைச் சுற்றி மேலும் கீழும் சம அளவில் ஆடும். புதிதாக வருபவர்கள் இதைக் கம்பிதம், அதாவது ஸ்வரத்தை அசைக்கும் கமகம், என்று நினைத்துப் போடுவார்கள், போட்டால் பழைய எலெக்ட்ரிக் ஆர்கன் மாதிரி கேட்கும். தோடி ராகத்தின் காந்தாரம் அப்படி ஒரு இடத்தில் நின்றுகொண்டு நடுங்குவதில்லை, ரிஷபத்தையும் மத்தியமத்தையும் தொட்டுக்கொண்டு அசையும், மேலே தங்கும் நேரமும் கீழே தங்கும் நேரமும் ஒன்றாக இருக்காது. அதனால் 4ஐ விட்டுவிட்டு, வரிக்கு வரி 3ஆம் கட்டளையையே இலக்கை மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரே ஒரு காந்தாரத்துக்கு எட்டு வரி செலவாகும், ஆனால் காதுக்கு ஒத்துக்கொள்ளும். தாளமும் அப்படித்தான். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களில் ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி என்றால் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு, 32, ஒரு பேட்டர்னில் இரண்டு ஆவர்த்தனம் அழகாக உட்காரும். மிஸ்ர சாபுக்கு ஏழு நான்கு 28, இரண்டு சுற்றுக்கு 56 வரி, மிச்சம் 8 வரி தொங்கும். பேட்டர்னை நடுவில் வெட்டும் டி என்ற கட்டளையை 56ஆவது வரியில் போட்டால் தீர்ந்தது. வரி எண் பூஜ்யத்தில் தொடங்குவதால் திரையில் அது 55 என்று தெரியும். கண்ட சாபுக்கு ஐந்து நான்கு 20, 60 வரியில் மூன்று சுற்று. இசையைக் கட்டம் கட்டமாக அடுக்கும் சீக்வென்சர் சாஃப்ட்வேரில் எல்லாம் நாலு நாலாகவே சிந்திக்கச் சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களுக்கு இது ஒரு நல்ல மாற்று மருந்து.

டிராக்கர் ஃபைலின் அடுத்த குணத்துக்காகத்தான் நான் இத்தனை வருஷமாக இதை விடாமல் வைத்திருக்கிறேன் என்று சொல்லலாம். எம்பி3 கேட்டால் பாட்டு காதில் விழும், அவ்வளவுதான். மாட் ஃபைலை ஒரு டிராக்கரில் திறந்தால் எந்த வரியில் எந்த ஸ்வரம், எந்த சாம்பிள், எங்கே வழுக்கல், எங்கே எதிரொலி மாதிரி ஏமாற்றியிருக்கிறார்கள் என்று எல்லாம் திரையில் ஓடும். நான்கு சானலில் எதிரொலிக்கு இடமேது? மெலடியின் இடைவெளிகளிலேயே அதே ஸ்வரத்தைச் சத்தம் குறைத்து மறுபடி எழுதிவிடுவார்கள், காது அதை எதிரொலி என்று எடுத்துக்கொள்ளும். இதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை, அடுத்தவர் ஃபைலைத் திறந்து பார்த்துக் கற்றது. இந்த இசையைக் கேட்கும் கூட்டத்தில் பாதிப் பேர் இப்படித் திறந்து பார்ப்பவர்கள்தான். இன்னொன்று, ஒவ்வொரு சாம்பிளுக்கும் பெயர் எழுத 22 எழுத்து இடம் இருக்கும். சாம்பிளின் பெயரை விட்டுவிட்டு அந்த வரிகளில் கேட்பவருக்குக் கடிதம் எழுதினார்கள். இந்தப் பாட்டை எந்த மனநிலையில் போட்டேன், இன்னாருக்கு வணக்கம், என் சாம்பிளை எடுத்தால் பெயர் போடு, தபால் முகவரி இது என்று. ஃபைலைத் திறந்தவர்களுக்கு மட்டும் தெரியும் கடிதம்.

அமிகாவுக்குப் பிறகு கதை பிசிக்கு நகர்ந்தது. பின்லாந்தின் ஃபியூச்சர் க்ரூ குழு ஸ்க்ரீம் டிராக்கரை வெளியிட்டது, ஸ்வீடனின் ட்ரைட்டன் குழு ஃபாஸ்ட் டிராக்கர் 2ஐ, ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி லிம் இம்பல்ஸ் டிராக்கரை. சானல்கள் 32, 64 என்று கூடின, நாதம் செறிவானது, ஃபைலும் பெருத்தது. பெருத்தது என்றால் அப்போதும் சில நூறு கிலோபைட்தான். விஎஸ்என்எல் டயல்-அப் காலத்தில் 28.8 மோடமில் 200 கிலோபைட் பாட்டு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே போனால் இறங்கிவிடும், 5 மெகாபைட் எம்பி3 என்றால் அரைமணி நேரம், அதற்குள் டெலிபோன் பில் ஏறும், யாராவது ரிசீவரை எடுத்து லைனைத் துண்டிப்பார்கள். என் போன்றவர்கள் இந்த இசைக்குள் விழுந்ததில் ரசனைக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு ஃபைல் அளவுக்கும் உண்டு.

அளவு என்றதும் போட்டியின் இன்னொரு பிரிவுக்கு வந்தாக வேண்டும், மெஷின் பங்கு கூடுவது அங்கேதான். 64 கிலோபைட் இன்ட்ரோ என்றால் படம், அசைவு, இசை எல்லாம் சேர்த்து 65,536 பைட்டுக்குள் ஒரே புரோகிராமாக இருக்க வேண்டும். 4 கிலோபைட் என்றால் 4,096 பைட். வாட்ஸாப்பில் வரும் காலை வணக்கப் படம் ஒன்று இதைவிடப் பல மடங்கு பெரியது. அங்கே சாம்பிளுக்கு இடமில்லை. அதனால் ஒலியை உருவாக்கும் சிந்தசைசரையே புரோகிராமாக எழுதி உள்ளே வைக்கிறார்கள், புரோகிராமை ஓட்டியதும் அது கணக்குப் போட்டு டிரம்மையும் பேஸையும் அந்த இடத்திலேயே தயாரிக்கும். ஃபார்ப்ராஷ் என்ற ஜெர்மன் குழு 2000 டிசம்பரில் டென்மார்க்கில் தி பார்ட்டி என்ற டெமோசீன் கூட்டத்தில் காட்டிய 64 கிலோபைட் இன்ட்ரோ பத்து நிமிடத்துக்கும் மேல் ஓடியது, அந்தக் குழுவின் வி2 என்ற சிந்தசைசரைப் பின்னாளில் பொதுவில் கொடுத்தார்கள். 2009இல் பிரேக்பாயின்ட் என்ற கூட்டத்தில் வென்ற எலிவேட்டட் என்ற இன்ட்ரோ 4 கிலோபைட்டில் பனிமலைகள் மேல் பறக்கும், பின்னணி இசையோடு. இதிலும் ஸ்வரங்களை எழுதுவது ஆள்தான். விண்டோஸோடு மைக்ரோசாஃப்ட் ஏற்கெனவே கொடுத்திருக்கும் மிடி ஒலித் தொகுப்பு ஃபைலில் இருந்து பியானோவையும் டிரம்மையும் உருவிக்கொள்ளும் ஒரு தந்திரமும் உண்டு, அந்த ஃபைல் 4 கிலோபைட் கணக்கில் சேராது. அழுகுணி ஆட்டமா என்று கேட்டால், விதி அனுமதிக்கிறது, நானாக இருந்தால் செய்ய மாட்டேன்.

உண்மையிலேயே கம்ப்யூட்டர் போட்டது என்று சொல்லத் தகுந்தது என்றால் பைட்பீட்டை மட்டும்தான் சொல்லலாம். 2011இல் வில்லே-மத்தியாஸ் ஹெய்க்கிலா என்ற பின்லாந்துக்காரர் பிரபலமாக்கியது. ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு எண்ணை ஒரே வரி சூத்திரத்தில் போட்டுப் பெருக்கி, இடம் தள்ளி, வரும் விடையை அப்படியே ஸ்பீக்கருக்கு அனுப்புவது. அதில் தாளமும் சில நேரம் மெலடியும் கேட்கும், எழுதியவருக்கே முன்கூட்டித் தெரியாது. அங்கேகூட நூறு சூத்திரத்தைக் கேட்டுவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப்போடும் காது மனிதனுடையது. இன்றைய ஏஐ பாட்டுக் கருவிகளை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவற்றைப் போட்டியில் அனுமதிப்பதா, எந்த அளவுக்கு என்பதில் சர்ச்சை நடக்கிறது, அனுப்பும் முன் அந்தந்த வருஷத்து விதியைப் படித்துவிடுங்கள்.

போட்டிகளை காம்போ என்பார்கள், அவை நடக்கும் கூட்டத்துக்குப் பெயர் பார்ட்டி. பின்லாந்தின் அசெம்பிளியும் நார்வேயின் தி கேதரிங்கும் 1992இல் தொடங்கியவை. இன்று டெமோசீனுக்கென்றே நடப்பவற்றில் பெரியது ரெவிஷன், 2011 முதல் ஜெர்மனியின் சார்ப்ரூக்கனில், ஈஸ்டர் விடுமுறை நாட்களில். டிராக்கர் இசை, அளவு வரம்புள்ள புரோகிராம் இசை, எதில் வேண்டுமானாலும் செய்து ரெக்கார்டு பண்ணிய இசை, பழைய கம்ப்யூட்டர் இசை என்று பிரிவுகள் பார்ட்டிக்குப் பார்ட்டி மாறும். பொதுவான விதி, பாட்டு முன்பு எங்கேயும் வெளியாகியிருக்கக் கூடாது, சில நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். வந்தவை அதிகமானால் ஒரு சிறு குழு வடிகட்டும், மிஞ்சியவை பெரிய ஹாலில், பெரிய ஸ்பீக்கரில், எல்லோர் முன்னாலும் ஒலிக்கும். பல பார்ட்டிகளில் யார் போட்டது என்பதைப் பரிசளிப்பு வரை மறைத்து வைப்பார்கள், பெயருக்கு ஓட்டு விழக் கூடாது என்று. ஓட்டுப் போடுவது வந்திருப்பவர்களே, அதாவது அடுத்த பிரிவில் தாங்களும் ஏதோ ஒன்றை அனுப்பியிருப்பவர்கள்.

இந்த முறையில் எனக்கு ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். இருபது பாட்டை ஒரே மூச்சில், நள்ளிரவில், கத்திக்கொண்டிருக்கும் கூட்டத்தின் நடுவே கேட்கும்போது முதல் நிமிடத்தில் இடி இடிக்கும் பாட்டுக்குத்தான் கை உயரும். விளம்பமாக, இரண்டாவது நிமிடத்தில் மலரும் பாட்டு எட்டாம் இடத்துக்குப் போகும். அதனால் காம்போ முடிவுப் பட்டியலைக் கேட்கும்போது முதல் மூன்றோடு நிறுத்தாதீர்கள், நடுவில் இருந்து கேட்கத் தொடங்குங்கள். நிறைய குப்பையும் வரும். பின்னணியில் ஓட மட்டுமே தகுதியான, ஒருவர் மாதிரி இன்னொருவர் போட்ட எலெக்ட்ரானிக் இசை இந்த வட்டத்தில் ஏராளம், பழைய பாசத்தில் யாரும் அதை வெளியே சொல்வதில்லை.

யார் கேட்கிறார்கள் என்றால், மார்கழியில் சபாவின் முன்வரிசையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, ராகத்தைப் பக்கத்து சீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார்களே, அந்த ரகம்தான் இந்தக் கூட்டமும். சிறியது, வயதாகிக்கொண்டிருப்பது, பிடிவாதமானது, அதிலும் பெரும்பான்மை ஒருகாலத்தில் தானும் இரண்டு பாட்டுப் போட்டவர்கள். நெக்டரின் என்ற இணைய ரேடியோ இவர்களுக்கென்றே ஓடுகிறது, பாட்டை வரிசையில் போடுவது கேட்பவர்கள்தான், ஓடும் பாட்டைப் பற்றி ஒற்றை வரிகளில் அரட்டை போய்க்கொண்டே இருக்கும், சில சமயம் பாட்டைப் போட்டவரே வந்து அது என் பதினாறு வயதில் போட்டது, மன்னித்துவிடுங்கள் என்பார். சேகரிப்பிலும் இவர்களை மிஞ்ச முடியாது. மாட் ஆர்க்கைவ் 1996இல் இருந்து இருக்கிறது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிராக்கர் பாட்டுகள். கமடோர் 64க்கு ஹை வோல்டேஜ் சிட் கலெக்‌ஷன், ஐம்பதாயிரத்துக்கும் மேல், ஒவ்வொன்றுக்கும் போட்டவர், வருஷம் என்று விவரத்தோடு. சம்பளம் வாங்காதவர்கள் செய்த வேலை இது. நம் பழைய சினிமாப் பின்னணி இசையின் மூல டேப்புகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரிந்தவன் என்ற முறையில் பொறாமையோடு சொல்கிறேன்.

டெமோசீன் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது என்று நீங்கள் படித்திருந்தால், அது அரை உண்மை. பின்லாந்து 2020இலும் ஜெர்மனி 2021இலும், பிறகு போலந்து, நெதர்லாந்து போன்ற நாடுகளும் தங்கள் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் டெமோசீனைச் சேர்த்திருக்கின்றன. யுனெஸ்கோ உடன்படிக்கையின் கீழ் ஒவ்வொரு நாடும் வைத்திருக்கும் பட்டியல் அது, யுனெஸ்கோவின் உலகப் பட்டியல் வேறு. இதில் இருந்து வெளியே போய்ப் பெரிதானவர்கள் உண்டா என்றால் உண்டு. ஹிட்மேன் விளையாட்டுக்கு இசை போட்ட யெஸ்பர் கிட் அமிகா டெமோ குழுவில் இருந்தவர். 1993இல் அசெம்பிளியில் வென்ற செகண்ட் ரியாலிட்டி டெமோவுக்கு இசை தந்த இருவரில் ஒருவரான யோன்னே வால்டோனென் பின்னாளில் ஜெர்மனியில் வீடியோ கேம் இசையை முழு ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கும்படி மாற்றி எழுதினார், 2008இல் கொலோனில் நடந்த கச்சேரி அதில் ஒன்று.

நுழைவது எப்படி என்பதற்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஓட வேண்டிய அவசியமே இல்லை, பழைய மெஷின் எதுவும் வேண்டாம். கேட்க மட்டும் என்றால் விஎல்சி பிளேயரே மாட் வகை ஃபைல்களை ஓட்டும், சிட் பாட்டுகளுக்குத் தனி பிளேயர் வேண்டும். அமிகா பாட்டை ஹெட்ஃபோனில் கேட்டால் டிரம் ஒரு காது, பேஸ் ஒரு காது என்று தலைவலி வரும், பிளேயர் அமைப்பில் ஸ்டீரியோ பிரிவை 50 சதவீதத்துக்கும் கீழே குறைத்துக்கொள்ளுங்கள். செய்து பார்க்க விண்டோஸில் ஓப்பன் எம்பிடி, லினக்ஸோ மேக்கோ என்றால் மில்கிடிராக்கர், இரண்டும் இலவசம். சன்வாக்ஸ் மொபைலிலும் ஓடும், கணினியில் இலவசம், மொபைலில் சின்னக் காசு. புதிதாகப் பாட்டுப் போட உட்காராமல், உங்களுக்குப் பிடித்த நான்கு சானல் மாட் ஒன்றைத் திறந்து, மூன்று சானலை மூடிவிட்டு ஒன்றை மட்டும் கேளுங்கள், பிறகு அடுத்தது. ஒரு வாரம் இதையே செய்தால் பாதி வித்தை வந்துவிடும். சாம்பிளுக்கு யாருடைய தொகுப்பையும் தேட வேண்டாம், வீட்டில் எவர்சில்வர் தட்டையும் மிருதங்கம் தெரிந்த நண்பரின் நான்கு சொற்களையும் போனில் ரெக்கார்டு செய்தால் போதும், 8 பிட்டில் எல்லாமே அழகாக அழுக்காகும்.

அனுப்ப வேண்டும் என்று தோன்றினால் நேராக ரெவிஷனுக்குப் போகாமல் பேட்டில் ஆஃப் தி பிட்ஸ் மாதிரி இணையத்திலேயே நடக்கும் காம்போக்களில் தொடங்குங்கள். அங்கே ஒரு மணி நேரப் போட்டி நடக்கும், கொடுத்த சாம்பிள்களை வைத்து ஒரு மணி நேரத்துக்குள் பாட்டை முடித்து ஏற்ற வேண்டும். தோற்றாலும் போனது ஒரு மணி நேரம்தான், கைப்பழக்கம் ஏறும். பல பார்ட்டிகள் நேரில் வராதவர்களின் பாட்டையும் ஏற்கின்றன, எந்தப் பிரிவில் ஏற்பார்கள் என்பது விதியில் இருக்கும். நேரலை பார்க்க வேண்டும் என்றால், அங்கே கோடை நேரம் வந்த பிறகு ஜெர்மனிக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அவர்களுக்கு இரவு 8 மணி என்றால் நமக்கு 11.30. ஈஸ்டர் வாரத்துச் சென்னைப் புழுக்கத்தில் எப்படியும் தூக்கம் வராது.

கடைசியாகக் குறும்படம். நான் வக்கீல் இல்லை, ஆனால் இது எங்கள் தொழிலில் தினமும் வரும் விஷயம். இலவசமாக டவுன்லோட் ஆகிறது என்பதால் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று ஆகாது. இந்தியச் சட்டத்தில் பதிப்புரிமைக்கு, அதாவது காப்பிரைட்டுக்கு, பதிவுகூடத் தேவையில்லை, போட்டவுடன் அது போட்டவருடையது. இந்தக் கூட்டம் இதில் சூடு கண்டதும் உண்டு. டெம்பஸ்ட் என்ற பெயரில் இசை போடும் யான்னே சுனியின் அமிகா பாட்டு ஒன்று 2000ஆம் ஆண்டு அசெம்பிளியில் பழைய கம்ப்யூட்டர் இசைப் பிரிவில் முதலிடம் பெற்றது. அதன் கமடோர் 64 வடிவத்தில் இருந்து, பாடகி நெல்லி ஃபர்ட்டாடோவின் 2006 ஆல்பத்தில் டிம்பலாண்ட் தயாரித்த ஒரு பாட்டுக்கு ஒலி எடுக்கப்பட்டது என்று புகார் எழுந்து அமெரிக்காவில் வழக்கானது. பாட்டு அங்கே பதிவு செய்யப்படவில்லை என்ற காரணத்தால் வழக்கு நிற்கவில்லை, 2012இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. எடுத்தார்களா இல்லையா என்ற கேள்விக்குள் தீர்ப்பு போகவே இல்லை, ஆகவே இதை வைத்துக்கொண்டு எடுத்தால் தப்பில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது என்று யாராவது வாதாடினால் நம்பாதீர்கள். மாட் ஆர்க்கைவில் சில பாட்டுகளுக்கு உரிம விவரம் போட்டிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் போட்டவரின் புனைபெயரை வைத்துத் தேடி ஒரு மெயில் போடுங்கள், இருபது வருஷத்துக்கு முன் போட்ட பாட்டை மெட்ராஸில் ஒருவர் கேட்டிருக்கிறார் என்றால் பெரும்பாலும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள், படத்தில் பெயர் போடச் சொல்வார்கள், அவ்வளவுதான். விழாவுக்கு அனுப்பும் படமாக இருந்தால் அந்தச் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு யூடியூபில் ஏற்றும்போதும் அது தேவைப்படும். ஆளே கிடைக்கவில்லை, பதிலும் வரவில்லை என்றால் அந்தப் பாட்டை விட்டுவிட்டு வேறு பாட்டைப் பாருங்கள்.